கொடும்பாவிக்கு ஒரு தலைப்பாகை

திருப்பதியை ஊருணிக் காவல்காரன் என்று சொன்னால் ஆலங்கரைப்பட்டியில் மாடுகூடச் சிரிக்கும். ஆள் பார்க்கக் காவல்காரன்தான். கையில் பூண் போட்ட கம்பு, தலையில் சிவப்புத் தலைப்பாகை, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. வாய் மட்டும்தான் உடன்படாது. இல்லை, கூடாது, வேண்டாம் என்ற சொற்கள் அந்த வாயில் வரவே வராது. படைத்தவன் வைக்க மறந்துவிட்டான்.

"திருப்பதி, மாட்டுக்கு ஒரு வாய் தண்ணி காட்டிக்கிறேன்" என்று சந்தைக்கு வந்தவன் எவனாவது கேட்பான். ஊருணித் தண்ணீர் மனிதர்கள் குடிக்கிற தண்ணீர். அதில் கால் நனைக்கக் கூடாது, துணி அலசக் கூடாது, மாடு இறங்கவே கூடாது. அதைத் தடுக்கத்தான் வீட்டுக்கு வீடு நெல் அளந்து இவனைக் காவலுக்கு வைத்திருந்தது ஊர். இவன் என்ன செய்வான் தெரியுமா? கூடாது என்று சொல்ல வாய் வராமல், தானே படியிறங்கி ஒரு குடம் மொண்டு, கரைக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாட்டுக்குத் தொட்டியில் கொண்டுபோய் ஊற்றுவான். சந்தை நாளில் எத்தனை மாடு வரும்! சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவான்.

"கூடாதுன்னு சொல்ல வாய் வலிக்குதாக்கும். கொடம் தூக்க இடுப்பு வலிக்கலையாக்கும்" என்பாள் மருதாயி, அவன் பெண்டாட்டி. சொல்லிக்கொண்டே நல்லெண்ணெயைச் சூடுபண்ணி முதுகில் தேய்த்தும் விடுவாள்.

படைத்தவனை ஒன்றும் குறை சொல்ல முடியாது. புருஷனுக்கு வைக்க மறந்ததையெல்லாம் சேர்த்துப் பெண்டாட்டிக்கு வைத்திருந்தான். பஸ் நிற்கிற இடத்தில் மருதாயி காப்பிக்கடை போட்டிருந்தாள். உலகச் சண்டைக் காலம் அது, சீனிக்குக் கட்டுப்பாடு, கருப்பட்டிக் காப்பிதான். "ஆத்தா, இன்னும் ஒரு துண்டு கருப்பட்டி" என்று யாராவது டம்ளரை நீட்டினால், "வேணும்னா பனையில ஏறுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிப்பாள். இருந்தும் கடையில் கூட்டம் குறையவில்லை. காரணம் தண்ணீர். அந்த ஊர்க் கிணறுகளில் உவர்நீர், பருப்பு வேகாது. ஊருணித் தண்ணீர் இளநீர் மாதிரி. அந்தத் தண்ணீரில் போட்ட காப்பிக்காக ஆலங்குடியில் இறங்க வேண்டியவர்கள்கூட இரண்டு ஊர் தள்ளி வந்து குடித்துவிட்டுத் திரும்பிப் போனதாக மருதாயி சொல்லுவாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாள், ஆனாலும் ஒரேயடியாகப் பொய் இல்லை.

அந்த ஊருணிக்கு ஊற்றுக் கிடையாது. மழைதான் அதற்குத் தாயும் தகப்பனும். ஊருக்கு மேற்கே சரிவாகக் கிடந்த செம்மண் பொட்டலில் பெய்கிற மழை, சூரைப் புதர் வழியாக ஊறி ஊறி நடந்து வந்து, வாரி என்று நாம் சொல்கிற ஓடையில் சேர்ந்து, தெளிந்து, ஊருணிக்குள் இறங்கும். திருப்பதியின் அப்பன் காவல் இருந்த காலத்தில் அப்படித்தான் இருந்தது.

பிறகு ஊர் பெருத்தது. பெருத்தது நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? அந்தச் சரிவில்தான் சந்தை வந்தது, வண்டிப்பேட்டை வந்தது, தகரக் கூரை போட்ட கடைகள் இரண்டு வரிசை வந்தன. தெருவுக்குச் செம்பாறைக் கல் பாவினார்கள். அதற்கப்புறம் மழை அங்கே நடந்து வரவில்லை, ஓடி வந்தது. வரும்போது சும்மா வருமா? சந்தைக் குப்பை, சாணி, எச்சில் இலை எல்லாவற்றையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது.

போதாக்குறைக்குக் கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலமாகையால் பஸ்ஸின் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டி, அடுப்புக்கரி எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். டிரைவர் பங்கிராஸ் ஆவூர்க்காரர். தங்கமான மனுஷர், மாதா கோயில் திருவிழா அதிரசத்தைத் திருப்பதிக்கு மறக்காமல் கொண்டுவருகிறவர். அவர் முதல் நாளே கேட்டார், "அண்ணே, அடுப்புச் சாம்பல இங்கிட்டு ஓரமாக் கொட்டிக்கிறட்டுமா?" என்று. கேட்ட இடம் வாரியின் தலைமாடு. திருப்பதி தலையைச் சொறிந்தான், மீசையைத் தடவினான், கடைசியில், "கொட்டிக்கங்க தம்பி" என்றான்.

இதன் பலன் ஆத்மநாத அம்பலத்தின் மகள் கல்யாணத்தில் தெரிந்தது. அம்பலம் என்றால் ஊருக்குத் தலைவர். அவர் வீட்டுக் கல்யாணம் ஐப்பசியில். அதற்குச் சில நாள் முன்னால் பெய்த முதல் மழை, தெரு முழுவதையும் கழுவிக்கொண்டு போய் ஊருணிக்குள் கொட்டியிருந்தது. அந்தத் தண்ணீரில்தான் பந்தி சமைத்தார்கள், அதைத்தான் பானகமாகவும் கரைத்தார்கள். விடிந்தால் முகூர்த்தம். விடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் பனங்காட்டுக்குள் இருந்தார்கள். தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளையும் மாலையைக் கழற்றாமலே அந்தப் பக்கம் ஓடினார். மேளக்காரர் எழுந்து போக முடியாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசித்த கெட்டிமேளத்தை இன்றைக்கும் ஊரில் வாசித்துக் காட்டுகிறவர்கள் உண்டு. நல்லவேளை, யாருக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை. மானம்தான் போயிற்று, அதுவும் அம்பலத்தின் மானம்.

"ஏண்டா, நீ காவக்காரனா, கழுதையா? இனிமே அழுக்குத் தண்ணி ஒரு சொட்டு ஊருணிக்குள்ள போச்சு, ஒங்கம்பப் புடுங்கி அடுப்புல வச்சிருவேன்" என்று அம்பலம் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினார். காலைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அவருக்கும் வயிறு சரியில்லை.

திருப்பதிக்கு அது சுருக்கென்று தைத்தது. அவன் யோசித்து யோசித்துக் கண்ட வழி ஒன்றுதான். வாரி ஊருணிக்குள் இறங்குகிற வாயில் மடைப் பலகை இருந்தது. முதல் மழை தெருவைக் கழுவுகிறவரைக்கும் பலகையைப் போட்டு, தண்ணீரைப் பக்கத்துப் பொட்டல் பள்ளத்தில் விட்டுவிட வேண்டியது. கழுவின தண்ணீர் போனதும் பலகையைத் தூக்க வேண்டியது. அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் வெயில் காய்ந்து தீர்த்தது. ஆவணியில் ஊருணி வற்றி, பெண்கள் நடுக்குழியில் தோண்டி அகப்பையால் மொள்ளும்படி ஆயிற்று. புரட்டாசியில் ஒரு மத்தியானம் வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கியதும் ஊரே தெருவில் இறங்கிக் குதித்தது. வாரியில் தண்ணீர் வந்தது. என்ன தண்ணீர்! பங்கிராஸின் சாம்பலும் வண்டிப்பேட்டைச் சாணியும் சேர்ந்து கறுப்புக் கஞ்சியாக நுரைத்துக்கொண்டு வந்தது. திருப்பதி பலகையைப் போட்டு, சந்தில் களிமண்ணை அப்பி, தன் முதுகையும் முட்டுக் கொடுத்து நின்றான்.

தண்ணீர் பொட்டலுக்குத் திரும்பியதைப் பார்த்து ஊர் ஓடி வந்தது. "தெறடா! வீடு தேடி வர்ற லெச்சுமிய வெரட்டுவியா?" என்று நாலு பக்கமும் கூச்சல். கேட்டால் கொடுத்துப் பழகின மனுஷன். கை பலகையைத் தூக்கப் போயிற்று. மூக்கில் அந்த நாற்றம் ஏறியது, கல்யாணப் பந்தல் கண்ணில் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வேணாம்!" என்று கத்தினான்.

பிறந்ததிலிருந்து அவன் சொன்ன முதல் வேண்டாம் அதுதான். யாரைப் பார்த்துச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. மழையைப் பார்த்துத்தான் சொன்னான் என்று ஊர் முடிவு கட்டியது. ஏனென்றால், மழையும் அப்படியே எடுத்துக்கொண்டது. தெருவைக் கழுவி முடித்ததும், சரி நம் வேலை தீர்ந்தது என்பதுபோல நின்றுவிட்டது. அவன் பலகையைத் தூக்கியபோது வாரியில் ஒரு செம்பு தண்ணீர்கூட இல்லை.

"அழுக்கத் தடுன்னு சொன்னா மழையத் தடுத்துட்டியேடா பாவி!" என்றார் அம்பலம்.

"அடுத்த மழை வரும்ங்கய்யா. வராட்டி கம்ப ஒங்க காலடியில வச்சிட்டு நான் ஊர விட்டே போயிர்றேன்" என்றான் திருப்பதி. சொல்லியிருக்கவே வேண்டாம், வாயில் வந்துவிட்டது.

"போயிரு. கார்த்திகை பொறக்கிறவரைக்கும் பாப்பேன்" என்றார் அம்பலம். அவர் சொன்னால் சொன்னதுதான்.

வானம் துடைத்துவிட்டதுபோல ஆயிற்று. பங்கிராஸ் தினமும் பஸ்ஸை நிறுத்தியதும், "அண்ணே, கீரமங்கலத்துல நல்ல மழை", "அண்ணே, நார்த்தாமலைப் பக்கம் இடி இடிச்சுச்சு" என்று நல்ல சேதி சொல்லுவார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஒவ்வொரு சேதியும் திருப்பதிக்கு ஒரு குத்து. மருதாயி கிணற்று உவர்நீரில் காப்பி போட்டாள். பஸ்ஸில் வந்தவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். கடை காற்று வாங்கியது.

இத்தனைக்கும் மருதாயி அவனைத் திட்டவில்லை. அதுதான் திருப்பதிக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் தானே ஆரம்பித்தான், "ஒரு வார்த்த வஞ்சிரேன் மருதாயி" என்று.

"வைய மாட்டேன். நீங்க ஊரவிட்டுப் போனா நான் மட்டும் இங்க இருந்து யார வையிறது? அதான் இப்பயே நிப்பாட்டிப் பழகுறேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பில் இல்லாத புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊரார் பார்க்க அழுகிற ஜாதி இல்லை அவள்.

ஐப்பசி பாதியானதும் அம்பலம் ஊரைக் கூட்டினார். கொடும்பாவி கட்டி இழுப்பது என்று முடிவாயிற்று. மழை தவறினால் நம் பக்கத்தில் செய்கிற காரியம் அது. ஊரின் பாவமெல்லாம் திரண்ட ஒரு பெரும்பாவி இருக்கிறான் என்று வைத்துக்கொண்டு, வைக்கோலால் அவனுக்கு உருவம் செய்து, தெருத்தெருவாக இழுத்து, செத்த வீடு மாதிரி பெண்கள் ஒப்பாரி வைத்து, சுடுகாட்டில் கொண்டுபோய் எரிப்பார்கள். பாவி ஒழிந்தால் மழை வரும்.

மூங்கில் சட்டத்தில் வைக்கோலைக் கட்டி, வைக்கோல்போர் பருமனுக்கு ஓர் ஆளைப் படுக்கவைத்தார்கள். தலைக்கு ஒரு பானை. பானையில் கரியால் மீசை எழுதினவன் இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டான். எல்லாரும் பார்த்தார்கள். யார் சாயல் என்று சொல்லத் தேவையில்லாமல் இருந்தது.

"தலப்பாகை ஒண்ணுதான் கொறையுது" என்றது ஒரு குரல். நாலு பேர் திருப்பதியிடம் போனார்கள். சங்கடமாகத்தான் கேட்டார்கள்: "திருப்பதி, ஒந்தலப்பாகை..." அவன் அவிழ்த்துக் கொடுத்தான். வேறென்ன செய்வான்? இழுக்க ஆள் பற்றவில்லை, ஒரு கை பிடி என்றார்கள். கயிற்றையும் பிடித்தான்.

ஒப்பாரியை முன்னெடுத்துப் பாட ஒரு பெண் வேண்டும், பாவியின் பெண்டாட்டி முறையில். யாரும் வரவில்லை. மருதாயி கடையைப் பூட்டிவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"தாலி கட்டுனவன் உசுரோட கயிறு இழுத்துக்கிட்டு நிக்கிறான், நீ ஒப்பாரி வைப்பியாடி?" என்று மூக்காயி என்ற கிழவி பதறினாள்.

"நெசமாச் செத்தா அழுக எனக்கு நேரம் கெடைக்குமோ என்னமோ, கடை இருக்கு. இப்பயே அழுது வச்சிக்கிறேன்" என்ற மருதாயி, மார்பில் அடித்துக்கொண்டு எடுத்தாள்:

"ஆருக்கும் இல்லேன்னு
அறியாத எம் மகராசா
ஆகாசத்துக்கு இல்லேன்னியே
அடுக்குமா எம் மகராசா!"

முதல் அடிக்கு எல்லாரும் சிரித்தார்கள். நாலாவது அடியில் அவள் குரல் உடைந்தது. சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கயிறு பிடித்திருந்த திருப்பதி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவனும் அழுதிருப்பான்.

கொடும்பாவி நகர்ந்தது. பஜார் வழியாக இழுத்துக்கொண்டு போனார்கள். கோயில் முனையில் மூச்சு வாங்க நின்றபோதுதான் திருப்பதி திரும்பினான். முதலில் அவனுக்கு விளங்கவில்லை. வந்த வழி முழுதும் யாரோ பெருக்கிவிட்டதுபோலச் சுத்தமாகக் கிடந்தது. சாணி, இலை, கரித்தூள் அத்தனையும் வைக்கோலில் சிக்கிக் கொடும்பாவியின் வயிற்றோடு வந்திருந்தது. பாவி புறப்பட்டபோது இருந்ததைவிட இப்போது கொழுத்திருந்தான்.

திருப்பதி அம்பலத்திடம் போனான். "ஐயா, வண்டிப்பேட்டைக்குள்ள ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போவமா?"

அவன் ஒன்றைக் கேட்டு ஊர் பார்த்ததே இல்லை. கொடுத்துத்தான் பார்த்திருக்கிறது. அம்பலம் பானைத் தலையைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். "சாகப்போறவன் கேக்குறான். இழுங்கப்பா" என்றார்.

வண்டிப்பேட்டையில் இழுத்தார்கள். பஸ் திரும்புகிற இடத்தில், சாம்பல் மேட்டின் மேலேயே ஏற்றி இழுத்தார்கள். "வாரிக்குள்ளயும்ங்கய்யா" என்றான் அடுத்து. அதற்கும் தலையாட்டினார். வாரியைத் தலையிலிருந்து கால்வரை வழித்துக்கொண்டு, பொட்டலைக் கடந்து, சுடுகாட்டில் போட்டுக் கொளுத்தினார்கள். ஊர்க் குப்பை மொத்தமும் கொடும்பாவியோடு எரிந்தது. திருப்பதியின் சிவப்புத் தலைப்பாகையும் எரிந்தது.

நெருப்பு அணைவதற்குள் மழை கொட்டியது என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பொய். மழை அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள்தான் வந்தது. நடுவில் நடந்ததை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் எல்லாரும் மருதாயியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். வியாபாரம் இல்லாத காப்பிக்கடைக்காரி கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பஜாரில் நின்றாள். "என் வீட்டுக்காரரு உருவத்த இழுத்துப் பெருக்குன தெரு இது. ஒரு எலை கீழ விழட்டும், பாக்குறேன்." சந்தைக்கு வந்தவர்கள் சாப்பிட்ட இலையை மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். பங்கிராஸ் பஸ்ஸை விட்டு இறங்குமுன்னே, "சாம்பல் ஒரு பிடி விழுந்துச்சு, அடுத்த கொடும்பாவி ஒங்க பஸ்ஸுதான் தம்பி" என்றாள். அவர் சாம்பலைச் சாக்கில் அள்ளிக்கொண்டுபோய் ஊருக்குக் கிழக்கே கொட்டினார்.

மூன்றாம் நாள் விடியற்காலை இடித்தது. ஊர் மொத்தமும் மடை வாயில் கூடியது. தலைப்பாகை இல்லாத வெறுந்தலையோடு திருப்பதி பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் வந்தது, செம்மண் நிறத்தில். "தெற!" என்றார் அம்பலம். திருப்பதி குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தான்.

"செத்தப் பொறுங்கய்யா" என்றான்.

அம்பலம் ஏதோ சொல்ல வாயெடுத்து, கல்யாணப் பந்தல் ஞாபகம் வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார். கொஞ்சம் துரும்பு வந்தது, போயிற்று. கொஞ்சம் நுரை வந்தது, போயிற்று. பிறகு வந்தது மண்வாசம் மட்டும்தான். திருப்பதி பலகையைத் தூக்கினான்.

காய்ந்த ஊருணிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டு மூக்காயி கிழவிகூடக் குலவையிட்டாள். மழையும் இந்தத் தடவை அவசரப்படவில்லை. அடைமழையாகப் பிடித்துக்கொண்டு, படித்துறையின் மேல்படி நனைந்த பிறகுதான் விட்டது. அம்பலம் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் திருப்பதி தலையில் தானே கட்டிவிட்டார். கட்டத் தெரியாமல் கோணலாகத்தான் கட்டினார். திருப்பதி அதைச் சரிசெய்துகொள்ளவில்லை.

மண் அடியில் தங்கித் தண்ணீர் தெளிந்ததும் மருதாயி முதல் காப்பியை அம்பலத்துக்குக் கொடுத்தாள். "இன்னும் ஒரு துண்டு கருப்பட்டி போடு ஆத்தா" என்றார் அவர்.

"பனையில ஏறுங்கய்யா" என்றாள் அவள். அன்றைக்குத்தான் திருப்பதிக்கு உயிர் திரும்பி வந்தது.

மறுவருஷம் நல்ல மழைக்காலமாக இருக்கும் என்று பஞ்சாங்கமே சொன்னது. இருந்தும் புரட்டாசி பிறந்ததும் நாலு பேர் வந்து வாசலில் நின்றார்கள். "அண்ணே, தலப்பாகை." மழைக்குத்தான் குறைவில்லையே என்றான் திருப்பதி. "மழைக்கு இல்லண்ணே, தெருவப் பாத்தீங்களா?" என்றார்கள். அவிழ்த்துக் கொடுத்தான். அதற்கப்புறம் வருஷம் தவறாமல் முதல் மழைக்கு முன்னால் ஆலங்கரைப்பட்டியில் கொடும்பாவி இழுத்தார்கள், மழை பொய்த்தாலும் பொய்க்காவிட்டாலும். வருஷத்துக்கு ஒரு புதுச் சிவப்புத் தலைப்பாகை அம்பலம் வீட்டிலிருந்து வந்தது. பந்தியில் யாருக்கும் வயிறு கலங்கவில்லை. மருதாயியின் ஒப்பாரி வருஷத்துக்கு இரண்டு அடி நீண்டது.

ராஜா ஆண்ட நம் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷமும் இழுத்தார்கள். அப்போது பங்கிராஸின் பஸ் மறுபடி பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர் ஒருத்தர் அதிலிருந்து இறங்கி, தெருவை அடைத்துக்கொண்டு வருகிற கூட்டத்தையும், நடுவில் மார்பில் அடித்துக்கொண்டு பாடுகிற மருதாயியையும் பார்த்துத் திகைத்துப்போய், "பாவம், யாரு செத்தது?" என்று கேட்டார்.

"அந்தா, முன்னால வெறுந்தலையோட கயிறு இழுத்துக்கிட்டு வாராரே, அவருதான்" என்றார் பங்கிராஸ்.

அந்த மனுஷர் நம்பவில்லை. கூட்டம் பக்கத்தில் வந்ததும் திருப்பதியிடமே போய், "ஏங்க, செத்தது நீங்களாங்க?" என்று கேட்டுவிட்டார்.

திருப்பதி கயிற்றைத் தோள் மாற்றிக்கொண்டான். இல்லை என்று சொல்ல அந்த வாய்க்கு வந்தால்தானே?

"ஆமாங்க" என்றான். "ஒரு கை புடிக்கிறீங்களா?"